கழுவிக் கொடுத்த ரத்தம்

யூருன் ஹெஸ்ட்னெஸ் நாற்பத்துமூன்று தடவை ரத்தம் கொடுத்தவள். நாற்பத்துநான்காவது தடவைக்குச் சாய்வு நாற்காலியில் கையை நீட்டிப் படுத்திருந்தபோதுதான், இருபத்தொன்பது வருஷமாக அவள் நம்பிக்கொண்டிருந்தது பொய்யாக இருக்கலாம் என்று தெரியவந்தது. நல்லவேளை, ஊசி இன்னும் குத்தியிருக்கவில்லை.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷத்துப் பிப்ரவரி. எங்கள் வடக்குக் கடலில் காட் மீன் வந்து குவிகிற மாதம். மீன் தொழிற்சாலையில் யூருனுக்கு வெளிச்ச மேசை வேலை. கண்ணாடிப் பலகைக்கு அடியில் விளக்கு எரியும். மேலே தோல் உரித்த மீன் துண்டம் வந்து விழும். உள்ளே சுருண்டு கிடக்கிற புழுவும் ரத்தக் கட்டும் நிழலாகத் தெரியும். கத்தி முனையால் கிள்ளி எடுத்துவிட்டு அடுத்ததைப் பார்க்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. அவள் கையைத் தாண்டி ஒரு புழு போனதாக எந்த நாட்டிலிருந்தும் புகார் வந்ததில்லை.

அன்று காலை பத்து மணிக்கு மேஸ்திரி அலுவலக ஜன்னலைத் திறந்து கத்தினான்.

"யூருன்! உனக்கு போன்! ஆஸ்பத்திரியிலருந்து!"

"அரண்மனையிலருந்து வந்தாத்தான் எழுந்திருப்பேன்னு சொல்லு," என்றாள் யூருன். மேசையில் இருந்த ஏழு பெண்களும் சிரித்தார்கள். ஆனாலும் கையுறையைக் கழற்றிக்கொண்டே போனாள்.

ரத்த வங்கி நர்ஸ் ஆஸ்லௌக்தான் பேசினாள். "உடனே வர முடியுமா? டாக்ஸி அனுப்பிட்டோம். இன்னிக்கு முழு ரத்தம் வேணாம், பிளேட்லெட் மட்டும். ஒரு பச்சக் குழந்தைக்கு. உன்னோட வகை அபூர்வமாம்."

அபூர்வம் என்று அவளை இதுவரை யாரும் சொன்னதில்லை. மீன் வாடையோடு கிளம்பிவிட்டாள்.

ஆஸ்லௌக்கும் யூருனும் ஒரே தீவு, ஒரே வயசு, ஐம்பத்தொன்று. ஒருத்தியைப் பற்றி மற்றவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் தெரிந்ததைப் பேசிக்கொண்டதும் இல்லை. எங்கள் கடற்கரையில் ஒருவர் துக்கத்தை இன்னொருவர் தொடமாட்டோம். வானிலையைப் பேசுவோம், படகு எஞ்சினைப் பேசுவோம், காபியை ஊற்றிக் கொடுப்போம். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். மண்ணாங்கட்டி மரியாதை. அந்த மரியாதை என்ன செய்தது என்று இனிமேல் பாருங்கள்.

ரத்தம் கொடுக்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். காய்ச்சல் உண்டா, மாத்திரை உண்டா, வெளிநாடு போனதுண்டா. ஆறாவது கேள்வி: எப்போதாவது கர்ப்பம் தரித்ததுண்டா? எழுபத்தொன்பதில் யூருன் முதல் தடவை வந்தபோது, ஆஸ்லௌக் கேள்விகளை வாசித்துக்கொண்டே வந்து, ஆறாவதுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு தானாகவே 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு ஏழாவதற்குப் போய்விட்டாள். யூருன் அதைப் பார்த்தாள். நன்றியாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டத்தில் ஆஸ்லௌக்கின் குறி முன்கூட்டியே விழுந்திருக்கும். நாற்பத்துமூன்று தாள், நாற்பத்துமூன்று 'இல்லை'.

நாற்பத்துநான்காவது தாளும் அப்படித்தான் தயாராக இருந்தது.

டாக்டர் ஸ்வெர்ரே தெற்கிலிருந்து வந்தவர். பேச்சு அதிகம். எங்கள் ஊர்க்காரராக இருந்திருந்தால் "நன்றி" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருப்பார், அன்றைக்கு ஒரு குழந்தைக்கு விபரீதம் நடந்திருக்கும். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு விளக்க ஆரம்பித்தார்.

"எங்களுக்கு நீங்க எவ்வளவு பெரிய உதவின்னு உங்களுக்குத் தெரியாது. பிளேட்லெட் மேல ஒரு குறி இருக்கும். நூறுல தொண்ணூத்தெட்டு பேருக்கு உண்டு. உங்களுக்கு இல்ல. போன வருஷம் டோனர் எல்லாருக்கும் சோதனை பண்ணினப்போ தெரிஞ்சுது. அதோ மேல் மாடியில பிறந்திருக்கிற குழந்தையோட அம்மாவுக்கும் இல்ல."

"அம்மாவுக்கு இல்லாட்டி குழந்தைக்கு என்ன?"

"குழந்தைக்கு அப்பாகிட்டேர்ந்து அந்தக் குறி வந்துடுச்சே! அம்மா உடம்புக்கு அது அந்நியம். எதிரின்னு நெனச்சு எதிர்ப்புப் பொருள் தயார் பண்ணிடும். அது தொப்புள்கொடி வழியாப் போய்க் குழந்தையோட பிளேட்லெட் ஒவ்வொண்ணு மேலயும் ஒட்டிக்கும். ஒட்டினதையெல்லாம் குழந்தையோட மண்ணீரலே பொறுக்கி எடுத்து அழிச்சுடும். கெட்டுப்போனதுன்னு நெனச்சுக்கும், பாவம்."

யூருனுக்கு அது சுலபமாகப் புரிந்தது. அவள் வேலையே அதுதானே. நிழல் விழுந்ததைக் கிள்ளி எறிவது.

"அப்புறம்?" என்றாள்.

"ரத்தம் உறையறதுக்கு ஆள் இல்லாமப் போயிடும். முதல்ல கால்ல ஊதாப் பொட்டு வரும். அப்புறம் தொட்ட இடமெல்லாம் கன்னிப்போகும். சும்மா தூக்கினாலே விலா எலும்புப் பக்கம் விரல் தடம் விழும். பார்க்கிறவங்க யாரோ அடிச்சுட்டாங்கன்னு நெனைப்பாங்க. மூளையில கசிஞ்சா..."

அவர் நிறுத்திவிட்டார். யூருனின் முகம் அப்படி ஆகியிருந்தது.

அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பிப்ரவரியில் யூருனுக்கு இருபத்திரண்டு வயசு. தீவின் பிரசவ விடுதியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சுன்னிவா என்று பெயர். ஞானஸ்நானத்துக்குத் தேவாலயம் வரை போக நேரம் கிடைக்கவில்லை; மருத்துவச்சியே ஒரு சாசரில் தண்ணீர் எடுத்து அந்தப் பெயரை வைத்தாள். பிறந்த அன்று கணவன் ஹில்மார் கடலிலிருந்து நேராக வந்து, குழந்தையின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து ஜன்னலுக்கு உயர்த்தி, "அதோ பாரு, நம்ம படகு," என்றான். அடுத்த நாள் காலை குழந்தையின் விலாவில் இரண்டு பக்கமும் கட்டைவிரல் அளவுக்குக் கறுத்திருந்தது. மூன்றாம் நாள் வலிப்பு வந்து வெட்டியிழுத்துச் செத்துப்போனது.

மாவட்ட டாக்டர் கேட்டார், "குழந்தையை யார் தூக்கினது?"

"ஹில்மார்தான்," என்றாள் யூருன். பிறகு இன்னும் ஒரு வார்த்தை சொன்னாள். "இறுக்கிப் பிடிச்சுத் தூக்கினாரு."

காவல் அதிகாரி வந்து இரண்டு மணி நேரம் ஹில்மாரை விசாரித்தார். வழக்கு எதுவும் போடவில்லை. ஊரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊர் எதையும் சொல்லாது. கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். இலையுதிர் காலத்துக்குள் அவன் வேறொரு தீவுக்குப் போய்விட்டான். விவாகரத்துத் தாள் தபாலில் வந்தது. யூருன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் வீட்டுக்கு நீல வர்ணம் அடித்தாள், சொந்தமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், தொழிற்சங்கத்தில் ஒன்பது வருஷம் செயலாளராக இருந்து முதலாளியின் தூக்கத்தைக் கெடுத்தாள். யார் வீட்டுக் குழந்தையையும் கையில் வாங்கமாட்டாள். கேட்டால் மீன் வாடை என்பாள்.

இப்போது ஆஸ்லௌக் பஞ்சில் மருந்தை நனைத்து அவள் முழங்கை மடிப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கேட்டுக்கொண்டுதானே இருந்தாள் அவளும்.

"நிறுத்து," என்றாள் யூருன்.

டாக்டர் பயந்துவிட்டார். "மயக்கம் வருதா?"

"நான் ஒரு குழந்தை பெத்தவ."

"இல்லியே," என்றார் டாக்டர் தாளைப் பார்த்து. "இதுல இல்லைன்னு..."

"பெத்தவ நான். தாளா பெத்துது? விலாவுல விரல் தடம் இருந்துச்சு. கால்ல ஊதாப் பொட்டு இருந்துச்சு. மூணாம் நாள் செத்துடுச்சு."

டாக்டர் ஸ்வெர்ரேவின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு ஆஸ்லௌக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ஆஸ்லௌக். பஞ்சைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சுமா இல்லைன்னு போட்டீங்க? இவங்க பிளாஸ்மாவுல அந்த எதிர்ப்புப் பொருள் இன்னும் இருந்துதுன்னா என்ன ஆகும்னு தெரியுமா? மருந்துன்னு நெனச்சு விஷத்தை ஏத்தியிருப்போம்! ஏற்கெனவே அம்மாகிட்டேர்ந்து வந்தது போதாதுன்னு!"

ஆஸ்லௌக் அழ ஆரம்பித்தாள். யூருன் அழவில்லை. என் உடம்பா, என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. என் உடம்பா செய்தது? ஒன்பது மாசம் சுமந்துகொண்டே, உள்ளேயே வைத்து?

"மேல இருக்கிற குழந்தை?" என்று கேட்டாள்.

பெற்ற தாயிடமிருந்தே எடுக்கலாம், ஆனால் அறுவை சிகிச்சையில் அவளுக்கே ரத்தம் நிறையப் போய்விட்டது, படுத்த படுக்கை. அந்தக் குறி இல்லாத இன்னொரு ஆள் மலைக்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கிறவர். கணவாயைப் பனி மூடிவிட்டது. டாக்டர் அறைக்குள் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"உங்க பிளேட்லெட் அணுவுல ஒரு குத்தமும் இல்ல," என்றார் கடைசியில். "அது மிதக்கிற பிளாஸ்மாதான் சந்தேகம். அதை எடுத்துட்டு உப்புநீர்ல நல்லாக் கழுவிக் கொடுக்கலாம். ரெண்டு மணி நேரம் கூட ஆகும். நீங்க சொல்லாம இருந்திருந்தா அப்படியே ஏத்தியிருப்போம்."

"அப்போ எடுங்க," என்றாள் யூருன், கையை மறுபடி நீட்டி. "நல்லாக் கழுவுங்க."

எந்திரம் ஓடிய ஒன்றரை மணி நேரமும் அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது மெதுவாகப் பேசினார்.

"ஒண்ணு சொல்லணும். நீங்க அவசரப்பட்டு முடிவு பண்ணக் கூடாது. குறி இல்லாத எல்லா அம்மாவுக்கும் இப்படி ஆகறதில்ல. அதுக்கு ஒரு தனித் திசு வகை வேணும். அப்பா அம்மாகிட்டேர்ந்து வர்றது. மூணு பேர்ல ஒருத்திக்குத்தான் இருக்கும். அந்த வகை இருக்கிற உடம்புதான் குழந்தையோட குறியைப் பிடிச்சு, இதோ பார் எதிரின்னு காட்டிக்கொடுக்கும். மத்த ரெண்டு பேர் உடம்பு கண்டுக்கவே கண்டுக்காது. அந்த வகை இல்லாதவங்களுக்கு இப்படி ஆனது அபூர்வத்திலும் அபூர்வம்."

"என்னுது எந்த வகை?"

"எதிர்ப்புப் பொருள் இருக்கான்னும் சேர்த்துப் பார்த்து, நாலு நாள்ல சொல்றேன்."

நாலு நாள். மறுநாளே வெளிச்ச மேசைக்குப் போய்விட்டாள், ஆனால் கை ஓடவில்லை. எதற்காக வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் திசு வகையும் எதிர்ப்புப் பொருளும் இருந்தால், தன் குழந்தையைக் கொன்றது தன் உடம்பு. இல்லையென்றால் ஹில்மார்தான். அவன்தான் என்று வந்துவிட்டால் நல்லது என்று ஒரு கணம் மனசு ஆசைப்பட்டது. அந்த ஆசையைக் கண்டு அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. இன்னொன்றும் குடைந்தது. 'இறுக்கி' என்ற அந்த வார்த்தை. உண்மையிலேயே இறுக்கியா தூக்கினான்? நினைவைத் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். ஜன்னல் தெரிந்தது, படகு தெரிந்தது, அவன் கம்பளிச் சட்டையின் கை தெரிந்தது. இறுக்கம் தெரியவில்லை. கறுப்பைப் பார்த்த பிறகு அவளாகச் சேர்த்த வார்த்தை அது.

மூன்றாம் நாள் ஆஸ்லௌக் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முன்னறிவிப்பில்லாமல், கையில் ஒன்றும் இல்லாமல். எங்கள் ஊரில் இப்படி யாரும் வருவதில்லை.

"அந்தக் குறியை நான்தான் போட்டேன். வேலையை விட்டுடறேன்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

"உன்னை யாருடி போடச் சொன்னா?"

"நீ அழுதுடுவியோன்னு..."

"அழுதா அழுதுட்டுப் போறேன்! பத்தொன்பது வருஷமா அழாம என்னத்தைக் கண்டோம்? ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருந்தா, யாராவது ஒரு டாக்டர் அப்பவே சொல்லியிருப்பார் இல்ல? அந்த மனுஷன்..." கதவை அகலத் திறந்தாள். சமாளித்துக்கொண்டு, "நானும்தான் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தேன். உள்ள வா, குளிருது," என்றாள்.

நாலாம் நாள் டாக்டர் போன் செய்தார். முதலில் மேல் மாடிக் குழந்தையைப் பற்றிச் சொன்னார்; கழுவிய அணுக்கள் உடம்பில் தங்கிவிட்டன, கசிவு எதுவும் இல்லை, பால் குடிக்கிறான். இதுவரை அவள் கொடுத்த ரத்தத்தால் யாருக்கும் கெடுதல் ஆனதாக எதுவும் இல்லை, ஏடுகளைப் பார்த்துவிட்டேன் என்றார். பிறகு சோதனை முடிவைச் சொன்னார்.

"அந்தத் திசு வகை உங்களுக்கு இருக்கு. எதிர்ப்புப் பொருளும் இருக்கு, இருபத்தொன்பது வருஷத்துக்கு அப்புறமும். அது அந்தக் குழந்தையைச் சுமந்ததாலதான் வந்திருக்கணும், வேற வழியில்ல. யார் மேலயும் குத்தம் இல்ல, யூருன். உங்க மேலயும்தான்."

மேஸ்திரி அலுவலகத்தில் அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். மேஸ்திரி ஒன்றும் கேட்காமல் காபி ஊற்றிக் கொடுத்தான். "கேளேன்டா!" என்று அவனைப் பார்த்துக் கத்தினாள். "என்ன ஆச்சுன்னு வாயைத் திறந்து கேளேன்!" அவன் மிரண்டுபோய், "என்ன ஆச்சு?" என்றான். அவள் சொன்னாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, எல்லாவற்றையும்.

சனிக்கிழமை காலைப் படகில் ஏறி ஹில்மார் இருக்கும் தீவுக்குப் போனாள். போன் செய்யவில்லை. செய்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவான்.

அவன் வீட்டு வாசலில், காற்றுக்கு மறைவாக, ஒரு தள்ளுவண்டியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஹில்மார் கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனான்.

"யூருன்," என்றான். "யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல. உள்ள வரலாமா?"

"மார்கித் கடைக்குப் போயிருக்கா. மகள் வீட்டுக் குழந்தையை எங்ககிட்ட விட்டுட்டுப் போயிருக்காங்க." மனைவி இல்லாத நேரத்தில் வந்திருக்கிறாளே என்பது போல நின்றான். பிறகு வழி விட்டான்.

அவள் உட்காரவில்லை. சமையலறை நடுவில் நின்றபடி, டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னாள். குறி, திசு வகை, மண்ணீரல், கழுவின ரத்தம். எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் தொடர முடியாது என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் சொன்னாள்:

"நீ தொட்டதால ஆகல. பிறக்கும்போதே அவ அப்படித்தான் இருந்தா. செஞ்சது என் ரத்தம். நீ இறுக்கித் தூக்கினேன்னு நான் டாக்டர்கிட்ட சொன்னது பொய். நீ இறுக்கல."

ஹில்மார் கத்துவான் என்று நினைத்து வந்திருந்தாள். வெளியே போ என்பான் என்று நினைத்திருந்தாள். அதற்கெல்லாம் தயாராகத்தான் வந்திருந்தாள். அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான்.

"நான் இறுக்கலையா?" என்றான்.

"இல்ல."

"இறுக்கிட்டேன்னுதான் நெனச்சேன். நீ சொன்னதும், ஆமா இறுக்கிட்டேன் போலன்னு..." தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தான். "நீ என் மேல பழி போட்டேன்னு நான் ஒரு நாளும் நெனச்சதில்ல, யூருன். நீ உண்மையைச் சொன்னேன்னுதான் நெனச்சேன். எனக்கு மூணு பிள்ளைங்க. மூணுல ஒண்ணைக்கூட நான் தூக்கினதில்ல. மார்கித் கேப்பா, முதுகு வலின்னு சொல்லிடுவேன். அவ இன்னிக்கு வரைக்கும் எனக்கு முதுகு வலின்னு நம்பிக்கிட்டிருக்கா."

யூருன் வாயில் கை வைத்துக்கொண்டாள். இதற்கு அவள் தயாராக வரவில்லை. அவன் அவளை வெறுத்துக்கொண்டிருப்பான் என்று நம்பி, அந்த வெறுப்பிலாவது ஒரு நியாயம் இருக்கும் என்று நம்பி வந்திருந்தாள். இவனோ அவள் சொன்ன ஒரு பொய் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் தூரத்தில் நின்று வளர்த்திருக்கிறான்.

வெளியே குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. ஹில்மார் பழக்கத்தில், "மார்கித்!" என்று குரல் கொடுத்தான். மார்கித் கடையில் இருந்தாள். அழுகை பெரிசானது.

"நீ போ," என்றாள் யூருன்.

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். ஹில்மார் வண்டியின் போர்வையை விலக்கினான். ஆறு மாசக் குழந்தை, முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளையும் அதன் மேல் கொண்டுபோய், தொடாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

"எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்டான்.

"எனக்கும் தெரியாது, ஹில்மார்," என்றாள் அவள். "நீ தூக்கு. நான் தலையைப் பிடிச்சுக்கறேன்."